3டி முக ஸ்கேன்: மார்க் இருக்கட்டும், அளவு சரியா?

சென்னையில் பல்லுக்குக் க்ளிப் போடவோ தாடை அறுவை சிகிச்சைக்கோ போகிறவர்களில் சிலருக்கு இப்போது முகத்தை 3டி ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘என் முகத்துக்கு எத்தனை மார்க்?’ என்று கேட்பவர்களும் உண்டு. அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் ஸ்கேன் எடுப்பவர்களுக்கு: பாதித் தப்பு பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மே மாத வெயிலில் பறக்கும் ரயிலிலிருந்து இறங்கி வந்தவரை அப்படியே உட்கார வைக்காதீர்கள். வியர்வையும் எண்ணெயும் மினுமினுத்தால் கேமரா ஏமாறும். இல்லாத மேடு பள்ளமெல்லாம் திரையில் வரும். முகத்தை ஒற்றித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஏசியில் இருக்கட்டும். மூக்குத்தி, கண்ணாடி, ஸ்டிக்கர் பொட்டு மூன்றையும் எடுத்துவிட வேண்டும். தாடி இருந்தால் ஸ்கேனர் தோலை விட்டுவிட்டு முடியைத்தான் அளக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவரை ஷேவ் பண்ணச் சொல்ல முடியுமா? அவசரமில்லை என்றால் தை பிறந்த பிறகு வரச் சொல்லுங்கள்.

‘சிரிக்காதீங்க’ என்று சொன்னால் மட்டும் போதாது. பல்லைக் கடித்தால் ஒரு முகம், வாய் லேசாகத் திறந்தால் வேறு முகம்; கீழ்ப்பாதியின் உயரமே மாறிவிடும். பற்கள் லேசாகத் தொட்டபடி, உதடு தளர்ந்து, பார்வை நேராக இருக்க வேண்டும். ஒருமுறை ‘அம்மா’ என்று சொல்ல வைத்தால் உதடு தானாகத் தளரும்.

அடுத்து, எங்கிருந்து எங்கே அளப்பது என்று ஸ்கேனில் புள்ளி வைப்பது. மூக்கு நுனியும் வாய் ஓரமும் திரையில் தெரியும். தாடை எலும்பின் கோணம் சதைக்குள் இருப்பதால் தெரியாது. விரலால் தடவிப் பார்த்து, ஸ்கேனுக்கு முன்பே ஐப்ரோ பென்சிலால் குறித்துவிடுங்கள். அதே ஸ்கேனில் மறுநாள் நீங்களே மறுபடி புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு தடவைக்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்தால், ‘இடது கண் 1 மி.மீ. கீழே இருக்கிறது’ என்று ரிப்போர்ட் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

சரி, அந்த மார்க். இரண்டு நீளங்களின் விகிதம் 1.618 இருந்தால் அழகு, அதுதான் ‘தங்க விகிதம்’ என்று முகத்தில் கோடு போடும் ஆப்களை நான் நம்புவதில்லை. புள்ளிகளை இஷ்டத்துக்கு மாற்றினால் யார் முகத்திலும் அந்த எண் கிடைக்கும். கனடாவில் பணியாற்றிய பிளாஸ்டிக் சர்ஜன் லெஸ்லி ஃபார்காஸ் தொகுத்த முக அளவுகள் பெரிய உழைப்புதான். ஆனால் அவருடைய பிரபலமான அட்டவணைகள் பெரும்பாலும் வட அமெரிக்க வெள்ளையர்களை அளந்தவை. அதை வைத்துக்கொண்டு மயிலாப்பூர் மூக்கை ‘அகலம்’ என்பது அநியாயம்.

ஆய்வுகளில் அழகுக்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் மனிதர்கள்தான். 1990-ல் வெளிவந்த டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வில், பல முகங்களைக் கலந்து உருவாக்கிய சராசரி முகங்களுக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. கலக்கும்போது தழும்பும் கறையும் மழுங்கிவிடுமே என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஆகவே வடிவத்தை மட்டும் மதிப்பிட வேண்டுமென்றால், தோலின் நிறத்தை நீக்கிச் சாம்பல் நிற உருவமாகக் காட்டுங்கள். மதிப்பெண் போட ஒரே கல்லூரி மாணவர்களை மட்டும் கூப்பிடாமல் அவர்களுடைய அத்தை, மாமாக்களையும் உட்கார வையுங்கள்.