கார்ல முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் டயர் போடலாமா? புதுசா கார் வச்சிருக்கவங்களுக்கு செய்முறை விளக்கம்

செங்கோட்டை, புளியரை பக்கம் ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சுட்டா எஸ் வளைவுல இருந்து ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் ரோடு ஈரமாவே கெடக்கும், அப்பதான் நம்மாளுங்க குனிஞ்சு டயர் பட்டனையே (தரையப் பிடிக்கிற வெட்டு வெட்டான மேல் ரப்பர) பாப்பாங்க. நாலையும் மாத்த காசு பத்தாது, ரெண்டு மட்டும் வாங்கலாம்னு கடைக்கு போனா "உங்க சைஸ் இப்ப இல்லண்ணே, கொஞ்சம் அகலமானது இருக்கு, பின்னாடி போட்டுக்கோங்க"ன்னு சொல்றாங்க. சரின்னு தலையாட்டுறதுக்கு முன்னாடி கீழ இருக்குறத ஒவ்வொண்ணா பாத்துருங்க.

முதல்ல ஒரு விஷயம், இதுல பேச்சுக்கே எடமில்ல. முன்னாடி ரெண்டும் ஒரே சைஸ், ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கணும், பின்னாடி ரெண்டும் அதே மாதிரி. இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு போட்டா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும், மழையில அது ரொம்ப ஆபத்து. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் இருக்கலாமான்னு மட்டும்தான் இங்க பாக்கப்போறோம்.

அடுத்து டயர் சைடுல இருக்குற நம்பர படிங்க. 185/65 ஆர்15 88எச்னு இருந்தா, 185ங்கறது மில்லிமீட்டர்ல அகலம், 65ங்கறது அந்த அகலத்துல 65 சதவீதம் சைடு உயரம், 15ங்கறது டிஸ்க்கோட, அதாவது டயர் உக்கார்ற ரிம்மோட விட்டம் இன்ச்ல, 88ங்கறது ஒரு டயர் 560 கிலோ தாங்கும்னு அர்த்தம், எச்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். கடைசி ரெண்டும் கார் கம்பெனி குடுத்தத விட கொறையவே கூடாது.

இப்ப முக்கியமான கணக்கு, மொத்த உயரம். சைடு உயரத்த ரெண்டால பெருக்கி, டிஸ்க் இன்ச்ச 25.4ஆல பெருக்கி வர்றதோட கூட்டணும். ஸ்விஃப்ட்ட எடுத்துக்கோங்க, அதுல 165/80 ஆர்14ம் வந்துருக்கு, 185/65 ஆர்15ம் வந்துருக்கு. மொதல்ல உள்ளது 132 மில்லி ரெண்டு தடவ 264, கூட 355.6, ஆக மொத்தம் 619.6 மில்லி. ரெண்டாவது 240.5 கூட 381, மொத்தம் 621.5. அகலம் மாறுது, டிஸ்க்கும் மாறுது, ஆனா உயர வித்தியாசம் 2 மில்லி கூட இல்ல. கம்பெனிக்காரன் சைஸ் மாத்தினா இப்படித்தான் மாத்துவான். அதுவே 205/65 ஆர்15 போட்டீங்கன்னா 647.5 ஆயிருது, 26 மில்லி கூடுதல், 4 சதவீதத்த தாண்டிருச்சு, வளைச்சு திருப்பும்போது ஃபெண்டர்ல ஒரசவும் வாய்ப்பிருக்கு.

இந்த உயரம் ஏன் முக்கியம்னா, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாம பாத்துக்குறது) இருக்குற வண்டியில நாலு வீல்லயும் சென்சார் இருக்கு, அது நாலும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுத்தான் எந்த வீல் லாக் ஆகுதுன்னு கண்டுபிடிக்கும். முன்னாடி பின்னாடி உயரம் ரொம்ப மாறினா அந்த கணக்கு கொழம்பிரும், மீட்டர்ல லைட்டும் எரியலாம். புது டயர்ல பட்டன் ஏறக்குறைய 8 மில்லி இருக்கும், 2 மில்லிக்கு தேஞ்சா உயரத்துலயே 12 மில்லி, அதாவது 2 சதவீதம் போயிருது. முன்னாடி பின்னாடி உயர வித்தியாசத்தையும் அந்த 2 சதவீதத்துக்குள்ள நிறுத்திக்கோங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

பேப்பர் கணக்கு மட்டும் போதாது, கையாலயும் அளந்து பாருங்க. காத்து சரியா அடிச்சு, சமதரையில வண்டிய நிறுத்தி, டயர் தரையத் தொடுற எடத்துல டயர்லயும் தரையிலயும் சாக்பீஸ்ல ஒரு கோடு. ஒருத்தர் ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு பிரேக் பக்கத்துல கால வச்சிருக்கணும், இன்னொருத்தர் மெதுவா தள்ளணும், டயர் கோடு மறுபடி அடியில வந்ததும் தரையில ரெண்டாவது கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் பிடிங்க. ஸ்விஃப்ட் சைஸ்ல 1.9 மீட்டர் பக்கம் வரும். முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ, அவ்வளவுதான், வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சிரும்.

ஜீப் வச்சிருக்கவங்க இத கண்டிப்பா படிங்க. தார், ஜிம்னி மாதிரி வண்டியில ஃபோர் வீல் போட்டதும் முன்னாடி பின்னாடி ஷாஃப்ட் ரெண்டும் ஒண்ணா பூட்டிக்கும், உயரம் மாறியிருந்தா ஒரு பக்கம் இன்னொண்ண இழுத்துக்கிட்டே இருக்கும், கியர் பாகமெல்லாம் தேஞ்சு செலவு பெருசா வரும். அதனால நாலும் ஒரே சைஸ், தேய்மானமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்.

அப்ப எந்த வண்டிக்குத்தான் வேற வேற சைஸ்? டாடா நானோவ பாருங்க, முன்னாடி 135/70 ஆர்12, பின்னாடி 155/65 ஆர்12, ஏன்னா இன்ஜின் பின்னாடி, வெயிட்டும் பின்னாடி. போர்ஷே 911லயும் இதே காரணம்தான். அதெல்லாம் வடிவமைக்கும்போதே செஞ்சது. நம்ம ஊர்ல ஓடுற முக்கால்வாசி கார் முன் வீல் இழுக்குறது, அதுல பின்னாடி அகல டயர் போட்டா பாக்க நல்லாருக்கும், வேலை செய்யிறது என்னவோ முன் டயர்தான்.

சரி, ரெண்டு புது டயர்தான் வாங்குறீங்க, எங்க மாட்டுறது? நெறைய பேர் முன்னாடிம்பாங்க, ஆனா டயர் கம்பெனிங்க பின்னாடி போடத்தான் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆரியங்காவுல இருந்து தென்மலைக்கு எறங்கும்போது வளைவுல பிரேக் தொட்டா வெயிட் முன்னாடி சாஞ்சிரும், பின்பக்கம் லேசாயிரும், அங்க மொட்டை டயர் இருந்தா வால் வீசி வண்டி சுத்திரும், புதுசா ஓட்டுறவங்களால அத பிடிக்க முடியாது. முன்னாடி வழுக்கினா ஆக்ஸிலேட்டர விட்டாலே பெரும்பாலும் பிடி திரும்பிரும். ஆனா முன்னாடி போறதும் தேஞ்சதா இருக்கக்கூடாது, பட்டனுக்கு நடுவுல உள்ள பள்ளத்துக்குள்ள இருக்குற 1.6 மில்லி மேட்டோட மட்டத்துக்கு பட்டன் தேஞ்சிருச்சுன்னா அந்த டயர கழட்டிருங்க.

மாட்டின பிறகு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு ஒரசுதான்னு பாருங்க, பின்னாடி ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஒரு தடவ பாருங்க, அலைன்மென்ட், பேலன்சிங் பண்ணிருங்க. முன்னாடி பின்னாடி சைஸ் வேறன்னா அதுக்கப்புறம் டயர முன்பின் மாத்திப் போட முடியாது, ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குத்தான் சரியா இருக்கும், அதையும் யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பார்டர் தாண்டி ஓட்டுறவங்க ஹேண்ட்புக்ல குடுத்திருக்குற சைஸ விட்டு வெளிய போகாதீங்க, கேரளா மோட்டார் வாகனத் துறை இந்த மாதிரி மாத்துற விஷயத்துல ரொம்ப கறார். அலாய் வீல் புதுசா மாட்டியிருந்தா ஒரு 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டு எல்லாத்தையும் ஸ்பானர் போட்டு மறுபடி ஒரு தடவ முறுக்கிருங்க.