வயசான பூனை புதிதாக வந்திருக்கிறதா? முதலில் வயிற்றைக் கவனியுங்கள்

வன்னியில் வயசான பூனை ஒன்று கைக்கு வருவது அநேகமாக ஒரே மாதிரித்தான். பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு போய்விடுவார், பூனை பூட்டின வாசலில் இருந்து கத்திக்கொண்டிருக்கும், யாராவது மனம் பொறுக்காமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்த முதல் வாரத்தில் சத்தி எடுக்கும், அல்லது வயிற்றால் போகும், அல்லது போகவே போகாது. உடனே எல்லாரும் "வயசு போயிட்டுது, அப்பிடித்தான்" என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வயசு ஒரு வருத்தம் இல்லை, வயிறு குழம்பினால் காரணம் ஒன்று இருக்கும்.

பெரும்பாலும் சாப்பாடு சட்டென்று மாறியதுதான் காரணம். முந்தி என்ன சாப்பிட்டது என்று விட்டுப்போனவர்களிடம் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு, அதையே முதலில் கொடுங்கள். பிறகு பழையதைக் கொஞ்சம் குறைத்துப் புதியதைக் கொஞ்சம் கூட்டி, 7 முதல் 10 நாளில் மாற்றலாம். பாசத்தில் பால் வைக்காதீர்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லக்டோஸ் செரிக்காது. மீன்குழம்புச் சோறும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், மீனைக் கழுவிக் கொடுத்தாலும் சாறு ஊறித்தான் இருக்கும். குளத்து மீனோ கோழியோ உப்பு, தூள் எதுவும் போடாமல் அவித்து, முள்ளும் எலும்பும் எடுத்துப் பிசைந்து, நாளைக்கு நாலைந்து தடவை சிறிது சிறிதாக வையுங்கள். இது வயிறு ஆறும்வரைக்கும்தான், மாதக்கணக்கில் இதை மட்டும் கொடுத்தால் சத்துப் போதாது.

பட்டினி மட்டும் போடாதீர்கள். வயிறு சரியில்லாத நாயை ஒரு நாள் பட்டினி விடுகிறவர்கள் பூனைக்கும் அதையே செய்கிறார்கள், அது ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படியத் தொடங்கலாம், அதுவும் கொழுத்த பூனை என்றால் இன்னும் பயம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அதற்குள் சாப்பாட்டை இளஞ்சூடாக்கி வைத்துப் பாருங்கள், மணம் எழுந்தால் சில பூனைகள் வாய் வைக்கும். வாயையும் பாருங்கள். பல் ஆடினாலோ முரசு வீங்கியிருந்தாலோ பசி இருந்தும் சாப்பிடாது.

சோளகம், அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் உடல் நீர் சீக்கிரம் வற்றும். தோலை இழுத்துப் பார்க்கும் முறை வயசான பூனையில் அவ்வளவு சரிவராது, தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். முரசைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பில்லாமல் விரலில் ஒட்டினால் நீர் குறைந்துவிட்டது. சாப்பாட்டில் தண்ணீர் கலந்து கொடுங்கள், நிழலான இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். மலச்சிக்கலுக்கும் இதுதான் முதல் வைத்தியம். ஆனால் முக்குகிறது என்றவுடன் மலச்சிக்கல் என்று முடிவு கட்டவேண்டாம். ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பாக இருக்கலாம், அது அன்றைக்கே பார்க்கவேண்டிய அவசரம்.

பனடோல் (பரசிற்றமோல்) ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அது பூனையைக் கொல்லும். மலத்தில் அல்லது வாலடியில் சோற்றுப் பருக்கை போல ஏதும் ஒட்டியிருந்தால் நாடாப்புழு, தெள்ளு மூலமாக வருவது, அதனால் தெள்ளையும் சேர்த்து ஒழிக்கவேண்டும். பூச்சி மருந்து நிறைக்கு ஏற்றபடி கொடுப்பது, கண்ணால் மட்டுக்கட்டிக் கொடுக்காதீர்கள்.

அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடும் ஆடும்தான் கூடுதலாக வரும், அதற்காகத் தயங்கவேண்டாம். காற்றுப்போக ஓட்டை போட்ட பெட்டியில் கொண்டுபோங்கள், மலத்தைப் போனில் படமெடுத்துக் கொள்ளுங்கள். இரத்தம், கறுத்த மலம், திரும்பத் திரும்பச் சத்தி என்றால் காத்திருக்கவே வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறதா, தண்ணீர் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அப்படியிருந்தால் தைரொய்ட், சிறுநீரகம், சீனி வருத்தம் மூன்றையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.