பழைய பாடகரைப் பேரப்பிள்ளைகளின் காதுக்குக் கொண்டுசெல்லும் முறை

1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாடி நடித்த நாயகன் தியாகராஜ பாகவதரின் பெயரை இன்று தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் கல்லூரி மாணவரிடம் சொன்னால், யார் என்றே பெரும்பாலும் கேட்பார். இதை ரசனையின் வீழ்ச்சியாக நான் கருதவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டவேண்டியிருந்த குரல்கள் உச்ச சுருதியில் பாடிப் பழகியவை. ஒலிவாங்கி வந்தபின் மென்மையாகப் பாடுவது இயல்பானது, காதும் அதற்கே பழகிவிட்டது. ஆகவே பழைய பாட்டைக் கேட்கவைக்க விரும்புவோர் பாடகரின் பெருமையை விடுத்து இந்தக் காரணத்தையே முதலில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கே.பி. சுந்தராம்பாளே ஏற்றவர் என்பேன். இன்றைய தருமபுரியான தகடூரின் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையைப் பள்ளியிலேயே படித்த பிள்ளை, 1953இல் வந்த படத்தில் அந்த ஔவையாக நடித்தவரின் குரல் இது என்றால் உடனே காது கொடுக்கும்.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் போடாதீர்கள். அதில் கீழ்ச்சுருதி மங்கி, பழைய இசைத்தட்டின் இரைச்சலே மேலோங்கும். குரல் கீச்சென்று, தாளமும் விரைந்து ஒலித்தால், நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டிய தட்டை வேகம் மாற்றி ஓட்டிப் பதிந்திருக்கலாம். வேறு பதிவைத் தேடுங்கள்.

பாட்டுக்கு முன் வீட்டுப் பெரியவரைப் பேசவிடுவதே இதில் முக்கியமானது. “பிடிக்குமா ஆயா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “எங்க கேட்டீங்க ஆயா?” என்று கேளுங்கள்: எந்த டூரிங் டாக்கீஸ், யார் வீட்டு வானொலி, எந்த மாரியம்மன் திருவிழாவில் புளியமரக் கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக வெளிவரும். ஓசூர், தளிப் பக்கத்துப் பெரியவர்கள் தெலுங்குப் பாடகர் கண்டசாலாவையோ கன்னட நடிகரும் பாடகருமான ராஜ்குமாரையோ சொல்லக்கூடும்; அப்போது தமிழ்ப் பாட்டுக்குத் திருப்பாமல் அவர்கள் சொன்னதையே போடுங்கள்.

பிறகு பேரப்பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடட்டும். பெரியவர் அதைக் குறை சொல்லாமல் முடியும்வரை கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம். இருவர் பேச்சையும் கைபேசியில் பதிந்து, தொடக்கத்தில் ஊர், தேதி, பெரியவரின் வயது ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லி, குடும்பத்தில் இன்னொருவரிடமும் ஒரு படி கொடுத்துவையுங்கள்.