தொற்றுக் காலத்தில் பதிவேடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்கள் பல, சுகாதாரத் துறையின் பட்டியலில் இல்லை என்பது 2020 ஜூனில் வெளியே வந்தது. சரிபார்க்கக் குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் ஏறின. மறைத்தார்களா, விட்டுப்போனதா என்பது அரசியல் சண்டை. ஆவணம் கையாள்பவர்களுக்கு அதில் வேறு பாடம் இருக்கிறது.

இரண்டு பட்டியல் இருப்பது தவறில்லை. அவற்றை வாராவாரம் ஒப்பிடாமல் விடுவதுதான் தவறு. அதையும் பெயரை வைத்து ஒப்பிடப் போனால் தொலைந்தோம். நம் ஊரில் இனிஷியல் ஒரு படிவத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கு ஒரு விதம். பரிசோதனையின்போது தரும் எண்ணை இறப்பு அறிக்கை வரைக்கும் கூடவே கொண்டுபோக வேண்டும். முகவரியிலும் கவனம் தேவை. செங்கல்பட்டுக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னையில்தான் நடக்கும். வசித்த ஊரையும் தெளிவாக எழுதாவிட்டால் இரண்டு மாவட்டமும் அவரை விட்டுவிடும், அல்லது இரண்டுமே எண்ணிவிடும்.

மரணக் காரணம் என்ற இடத்தில் 'இதயத் துடிப்பு நின்றது' என்று மட்டும் எழுதி முடிப்பது அடுத்த தவறு. யார் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அதற்கு இட்டுச்சென்ற நோய் எது என்பதைத்தான் மருத்துவச் சான்றுப் படிவம் கேட்கிறது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் நிவாரணத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, இறப்புச் சான்றிதழில் காரணம் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

எக்ஸெல்லில் பழைய எண்ணை அழித்துப் புதியதை அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே, மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்கிறது. கணினிக் கோப்புக்கும் அதே ஒழுங்கு வேண்டும். பெயரும் போன் நம்பரும் உள்ள பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது.

'குடும்பத்தார் தனிமையில் இருக்கிறார்கள், வந்து சொல்லட்டும்' என்று மருத்துவமனை காத்திருக்கவும் கூடாது. அங்கே நடந்த மரணத்தை 21 நாளுக்குள் தெரிவிப்பது அதன் பொறுப்பாளரின் கடமை. வீட்டில் நடந்த மரணத்தைத்தான் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும்.