தேள்கடியும் 'சிலந்திக் கடி'யும்: ஆபத்தைத் தப்பாக அளக்கும் இடங்கள்

விறகுக் கட்டிலிருந்து பெரிய கருந்தேளான நட்டுவாக்காலி ஒன்று வெளியே வந்தால் வீடே அலறும். ஓட்டு இடுக்கில் இருந்து விழும் விரல் நீளச் செந்தேளைச் செருப்பால் அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் உயிரை எடுக்கக்கூடியது செந்தேள்தான். நிறத்தை நம்ப வேண்டாம். அது மஞ்சளாகவும் பழுப்பாகவும்கூட இருக்கும். முன் இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் கடுகடுப்போடு பெரும்பாலும் முடிந்துவிடும். இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தேளைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

வலியை வைத்து அளப்பது இதைவிடப் பெரிய தவறு. துடிக்கத் துடிக்க வலித்து, வேறு எதுவும் இல்லையென்றால் அது ஓரளவு நல்ல அறிகுறியே. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டதே என்று நிம்மதியாகும்போதுதான் கவனம் தேவை. வாந்தி, சட்டை நனையும் வியர்வை, எச்சில் வடிதல், சில்லிட்ட கை கால், ஆண்குறி விறைப்பு ஆகியவை நஞ்சு இதயத்தை நெருக்குவதன் அடையாளங்கள். அடுத்து நுரையீரலில் நீர் கோக்கும்.

இதைத் தடுப்பது பிரசோசின் மாத்திரை. மகாராஷ்டிரத்தின் மஹாடில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் இதன் பயனைக் காட்டினார். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், கை கால் சூடாகும்வரை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவமனையில் மட்டுமே தர வேண்டியது. மாத்திரை கொடுத்த பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சரியும். பாம்புக்கடி ஊசி தேளுக்கு உதவாது. கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

சிலந்தியின் கதை நேர்மாறு. கடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பழி மட்டும் அதன்மேல். காலையில் கோடு இழுத்ததுபோல் எரியும் கொப்புளம் என்றால், டியூப்லைட்டுக்கு வரும் ஆரஞ்சு, கருப்பு நிறச் சிறு வண்டைத் தூக்கத்தில் தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

'சிலந்திக் கடி' என்று நினைக்கும் இன்னொன்றும் உண்டு. கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக வலியே இல்லாத புண், கூடவே காய்ச்சல், தலைவலி, பக்கத்தில் நெறி கட்டுதல் இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். புதரிலுள்ள நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடாவும் அரைஞாணும் அழுந்தும் இடம் என மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்கான அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்.