ஐசியின் கால்களை மெஷின் கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சின்னச் சின்ன பாகங்களைச் சர்க்யூட் போர்டின்மேல் பொருத்தும் எஸ்எம்டி லைனில் புதிதாகச் சேர்ந்து, பாகங்களை எடுத்து போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினுக்குப் புரோகிராம் போடக் கற்றுக்கொள்பவர்கள் ரெசிஸ்டர், கெபாசிட்டர் வரைக்கும் தைரியமாக இருப்பார்கள். நீளம், அகலம், உயரம் கொடுத்தால் போதும். கால் வைத்த ஐசி வந்ததும்தான் கை தயங்கும். ஸ்கிரீனில் பிட்ச், லீட் (அதாவது கால்) நீளம், லீட் அகலம், லீட் குரூப் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஐசி தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டிலோ வேறு எழுத்துகளில் வேறு அளவுகள் இருக்கும். எதை எங்கே போடுவது? இந்தப் பதிவு அதற்குத்தான்.

உதாரணத்துக்கு, நான்கு பக்கமும் கால் இருக்கும் எல்க்யூஎஃப்பி-48 என்ற பேக்கேஜை (ஐசியின் வெளிக்கூட்டு வகை) எடுத்துக்கொள்வோம். பலரும் கையில் வைத்துப் பார்த்திருக்கும் எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகண்ட்ரோலர் இதில் வருகிறது. மெஷினுக்கு மெஷின் கட்டங்களின் பெயர் மாறும். கேட்கும் விஷயம் பெரும்பாலும் இதேதான்.

கேமராவுக்கு எது தெரிகிறது?

எண்களுக்குள் போகும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். நாசில் (ஐசியை உறிஞ்சித் தூக்கும் மூக்கு) ஐசியைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில், ஒரு கேமரா கீழேயிருந்து அண்ணாந்து படம் எடுக்கிறது. ஐசியின் கால் உடம்பிலிருந்து கிளம்பி, கீழே வளைந்து, போர்டின்மேல் தட்டையாக உட்காரும் பாதமாக முடிகிறது. கீழிருந்து வெளிச்சம் அடித்தால் அந்தப் பாதம் மட்டும் பளிச்சென்று மின்னும். சாய்ந்து இறங்கும் பகுதியில் படும் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடுவதால் அது மங்கிவிடும். கறுப்பு உடம்பு இருட்டிலேயே கிடக்கும். ஆக, கேமராவுக்குத் தெரிவதெல்லாம் நான்கு வரிசையில் நிற்கும் 48 வெள்ளைக் கோடுகள். நாம் கொடுக்கப்போகும் கால் அளவுகள் எல்லாம் இந்தக் கோடுகளுடைய அளவுகள்தான்.

உடம்பை வைத்தே மையத்தைக் கண்டுபிடிக்கக் கூடாதா? கூடாது. மோல்டிங்கில் உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஓரத்தில் பிசிறு இருக்கும். போர்டில் கால் சால்டர் ஆகும் இடமான பேடில் உட்காரப்போவது கால். இந்தக் காலின் அகலம் சுமார் 0.22 மி.மீ.தான். போர்டு அசெம்பிளிக்கான ஐபிசி-ஏ-610 தரப்படி, அதன் நடுத்தர வகுப்பான கிளாஸ் 2 போர்டில் கால் அகலத்தில் பாதிவரைதான் பேடுக்கு வெளியே தள்ளி நிற்கலாம், அதாவது 0.11 மி.மீ. கோணம் ஒரே ஒரு டிகிரி தப்பினாலும், மையத்திலிருந்து 4.5 மி.மீ. தள்ளி இருக்கும் கால் நுனி கிட்டத்தட்ட 0.08 மி.மீ. நகர்ந்துவிடும். அனுமதித்த இடம் அதிலேயே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அதனால்தான் மெஷின் கால்களையே எண்ணிப் பார்த்து மையமும் கோணமும் கணக்கிடுகிறது.

படி 1: டேட்டாஷீட்டில் பேக்கேஜ் படத்தைத் தேடுங்கள்

கடைசிப் பக்கங்களில் இருக்கும். பக்கத்திலேயே பேட் அளவு காட்டும் இன்னொரு படமும் இருக்கும். அது போர்டு டிசைன் செய்பவருக்கானது, அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பேக்கேஜ் படத்தின் அட்டவணையில் குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று பத்தி இருக்கும். மி.மீ. பக்கத்தில் அங்குலமும் இருக்கலாம். மி.மீ. பத்தியை மட்டும் பாருங்கள்.

நமக்குத் தேவையானவை இவை: உடம்பு 7 × 7 மி.மீ. ஒரு பக்கக் கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கக் கால் நுனிவரை 9 மி.மீ. மொத்த உயரம் அதிகபட்சம் 1.6 மி.மீ. பிட்ச் 0.5 மி.மீ. கால் அகலம் 0.17 முதல் 0.27 வரை. பாதத்தின் நீளம் 0.45 முதல் 0.75 வரை, வழக்கமாக 0.6.

படி 2: உடம்பு

நீளம் 7, அகலம் 7, உயரம் 1.6. சில மெஷின்களில் 'வெளி அளவு' என்று தனியாகக் கேட்கும், அங்கே 9 × 9 போடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் கேமரா தவறான இடத்தில் கால்களைத் தேடி, நல்ல ஐசியை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுக்கொண்டே இருக்கும். உயரத்தில் அலட்சியம் வேண்டாம். குறைவாகக் கொடுத்தால் நாசில் தேவைக்கு மேல் இறங்கி ஐசியைச் சால்டர் பேஸ்ட்டில் அமுக்கும், அதிகமாகக் கொடுத்தால் மேலேயே விட்டுவிடும்.

படி 3: கால்கள்

ஒரு பக்கத்துக் கால்கள் ஒரு குரூப். நம் ஐசிக்கு நான்கு குரூப், ஒவ்வொன்றிலும் 12 கால். முதல் குரூப்பை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்ற மூன்றையும் 90 டிகிரி திருப்பி காப்பி எடுத்துவிடலாம்.

பிட்ச் என்பது ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவரை உள்ள தூரம். இரண்டு கால்களுக்கு இடையில் தெரியும் சந்து இல்லை. 0.5 என்று போட்டதும் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு: முதல் காலின் நடுவிலிருந்து கடைசிக் காலின் நடுவரை எவ்வளவு? 12 × 0.5 = 6 என்றுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும். 12 காலுக்கு நடுவில் 11 இடைவெளிதானே, அதனால் 5.5 மி.மீ. மெஷின் தானாகக் காட்டும் மொத்த நீளம் 5.5 இல்லையென்றால் எங்கோ தப்பு.

கால் நீளத்துக்கு 0.6 போடுங்கள். உடம்பிலிருந்து நுனிவரை 1 மி.மீ. இருக்கிறதே, அதை ஏன் போடக் கூடாது என்று தோன்றும். கேமராவுக்கு மின்னுவது பாதம் மட்டும்தான். 1 என்று கொடுத்தால் இருட்டில் இருக்கும் 0.4 மி.மீ.யையும் மெஷின் தேடும். சில மெஷின்கள் பாதத்தின் நடு, ஐசியின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேட்கும். 9-இல் பாதி 4.5, அதில் பாதத்தின் பாதி 0.3-ஐக் கழித்தால் 4.2.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ஐசியில் கவனம் தேவை. எஸ்ஓடி-23-5 என்ற ஐந்து கால் பேக்கேஜில் ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கால் இல்லாத இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இரண்டு கால், பிட்ச் 1.9 என்று கொடுக்கலாம். மூன்று கால், பிட்ச் 0.95, நடுக்கால் இல்லை என்றும் கொடுக்கலாம். இரண்டும் சரி. மூன்று கால் என்று போட்டு, 'இல்லை' என்பதைக் குறிக்க மறந்தால்தான் சிக்கல்.

படி 4: டாலரன்ஸ்

என் வருத்தமெல்லாம் இங்கேதான். டாலரன்ஸ் என்பது அளவு எவ்வளவு விலகினாலும் மெஷின் பாஸ் செய்யும் என்ற வரம்பு. ரிஜெக்ட் அதிகமானதும் அதை அகலமாகத் திறந்துவிட்டால் லைன் ஓடும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் வளைந்த காலும் அப்படியே போர்டுக்குப் போய், பக்கத்துக் காலோடு ஒட்டி ஷார்ட் ஆகும். 0.5 பிட்சில் கால்களுக்கு நடுவே இருக்கும் சந்து வெறும் 0.28 மி.மீ. கால் அகலத்துக்கு டேட்டாஷீட் சொல்லும் 0.05 கூட்டல் கழித்தலிலேயே தொடங்குங்கள். ரிஜெக்ட் வந்தால் முதலில் படத்தைப் பாருங்கள், அப்புறம் வெளிச்சத்தை, அப்புறம் அளவுகளை. டாலரன்ஸ் கடைசி.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருநாள் எட்டுக்கால் ஃப்ளாஷ் மெமரி ஒன்று விடாமல் ரிஜெக்ட் ஆனது. இரவு ஷிப்டில் டாலரன்ஸை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தார்கள். காலையில் ரீலிலிருந்து ஒன்றை எடுத்து வெர்னியரில் வைத்தால் நுனிக்கு நுனி 7.9 மி.மீ. மெஷினில் சேமித்த பார்ட் டேட்டாவில் (லைப்ரரியில்) இருந்ததோ 6 மி.மீ. எஸ்ஓஐசி-8 என்ற எட்டுக்கால் பேக்கேஜிலேயே ஒல்லி உடம்பும் உண்டு, அகல உடம்பும் உண்டு. கால் எட்டு, பிட்ச் 1.27 என்பது இரண்டிலும் ஒன்றே. ஸ்டோரில் மாற்று பார்ட் கொடுத்திருந்தார்கள். அன்று மெஷின் சொன்னதுதான் சரி. புது ரீல் வந்தால் ஒன்றை அளந்து பார்ப்பது அன்றிலிருந்து எனக்குப் பழக்கம்.

படி 5: திசை

சதுரமான எல்க்யூஎஃப்பியை 90 டிகிரி திருப்பி வைத்தாலும் கேமராவுக்கு அதே 48 கோடுகள்தான். முதல் காலைக் காட்டும் புள்ளி மேல்பக்கம் இருக்கிறது, கேமரா பார்ப்பது கீழ்ப்பக்கம். எனவே கால் டேட்டா எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் திசைத் தப்பை அது பிடிக்காது. ட்ரேயில் முதல் கால் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்தக் கோணத்தைத் தனியாகக் கொடுங்கள். கேமரா படம் கீழிருந்து எடுத்தது என்பதால் இடம் வலம் மாறித் தெரியலாம், டேட்டாஷீட்டின் மேல்பக்கப் படத்தோடு ஒப்பிடும்போது குழம்பாதீர்கள்.

படி 6: சோதனை

ஓர் ஐசியை நாசிலில் எடுத்து விஷன் டெஸ்ட் ஓட்டுங்கள். கேமரா படத்தின்மேல் நீங்கள் கொடுத்த டேட்டா கட்டங்களாக வந்து விழும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வெள்ளைப் பாதத்தின்மேல் சரியாக உட்கார வேண்டும். எல்லாக் கட்டமும் பாதத்தைத் தாண்டி உடம்புப் பக்கம் நீண்டிருந்தால் கால் நீளம் அதிகம். நடுவில் பொருந்தி ஓரங்களுக்குப் போகப்போக விலகினால் பிட்ச் தப்பு; 0.65-க்குப் பதில் 0.635 போட்டால் இப்படித்தான் தெரியும்.

பாஸ் ஆனதும் நிறுத்திவிடாதீர்கள். கழிவில் கிடக்கும் ஐசி ஒன்றை எடுத்து, ட்வீசரால் ஒரே ஒரு காலைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து, அதையும் டெஸ்ட் செய்யுங்கள். மெஷின் அதை ரிஜெக்ட் செய்தால் டேட்டாவைச் சேமித்து லைனுக்குக் கொடுங்கள். அதுவும் பாஸ் ஆனால் படி 4-க்குத் திரும்புங்கள்.