ஃபோன் பையிலேயே இருக்கட்டும்

வீட்டுக்கே போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. எங்கள் பண்ருட்டிப் பக்கம் வந்தபோது மகளிர் குழுவில் இருந்த நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இப்போது புதிதாக வரும் பொண்ணுங்க எல்லாரும் முதலில் கேட்பது, "அக்கா, ஆப்பில் எப்படி ஏத்துறது?" ஏத்துவது ரெண்டு நாளில் கைக்கு வந்துடும். ஏத்துற பிபி, சுகர் எண் நிஜமான எண்ணா இருக்கணும், அதுதான் பெரும்பாடு.

ராத்திரியே ஃபோனைச் சார்ஜில் போடுங்க. பிபி மிஷினுக்கு மாத்திப் போட பேட்டரியும் பையில் வேணும். முந்திரிக்கொட்டை உடைக்கவும் நூறு நாள் வேலைக்கும் ஆளுங்க கிளம்புறதுக்கு முன்னால் தெருவில் நிக்கணும். எட்டரைக்குப் போனால் பூட்டும் நாயும்தான் இருக்கும்.

வீட்டுக்குள் போனதும் ஃபோனை எடுக்காதீங்க. நாம தலையைக் குனிஞ்சு திரையைத் தேய்ச்சுக்கிட்டே "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், அவங்களும் எங்கேயோ பார்த்துக்கிட்டு "ம்" என்பாங்க. அதுக்குப் பதிலா, "ஆயா, மாத்திரை அட்டையைக் கொண்டா பார்ப்போம்" என்று சொல்லுங்க. தினம் ஒன்று என்று முப்பது கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தால் பத்துதான் மிஞ்சணும். பதினெட்டு இருந்தால் நிறுத்தியிருக்காங்க. ஏன் என்று அப்போதுதான் பேச்சு வரும். மாத்திரை பேர் தெரியாமல் "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால், அட்டையில் பேர் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து நர்ஸம்மாவுக்கு மட்டும் அனுப்பலாம். ஆளின் முகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுறது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இப்படி அட்டை எண்ணி முடிக்கிற அஞ்சு நிமிஷத்தில் அவங்களுக்கும் மூச்சு நிதானப்பட்டுடும். அப்புறம் பிபி பாருங்க. டீ குடிச்சோ, புகையிலை போட்டோ அரை மணி ஆகலையென்றால் அடுத்த வீட்டை முடித்துவிட்டுத் திரும்பி வாங்க. முதுகு சாய்ந்திருக்கணும், ரெண்டு காலும் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கணும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீங்க. மிஷின் ஓடும்போது அவங்களும் பேசக்கூடாது, நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு இது வர ஒரு வருஷம் ஆச்சு. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்த்து, ரெண்டையும் நோட்டில் எழுதுங்க.

சுகருக்கு வருவோம். பலா சீசனில் ஒரு ஆயாவுக்குக் குத்தினேன், 312 வந்தது. போன மாசம்கூட இருநூறுக்குக் கீழேதான். எனக்கே பக்கென்று ஆச்சு. "என்ன ஆயா சாப்பிட்ட?" "ஒண்ணும் இல்ல கண்ணு, பேரனுக்குச் சுளை எடுத்துக் குடுத்தேன்." விரலைத் தொட்டால் பிசுபிசுன்னு ஒட்டுது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேற விரலில் புது ஊசியால் குத்தினேன், 168. பழச்சாறு விரலில் இருந்தால் மிஷின் அதையும் சேர்த்துத்தான் சொல்லும். முந்திரி உடைக்கிறவங்க விரல் எண்ணெய் பட்டுக் கருத்துத் தடிச்சிருக்கும். நுனியை விட்டுட்டு விரலின் பக்கவாட்டில் குத்துங்க, கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் நீவினால் ரத்தம் வரும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் மூடுங்க, காலாவதி தேதியையும் பாருங்க.

இப்போ ஃபோனை எடுக்கலாம். பேரை மட்டும் பார்த்து ஏத்தாதீங்க. என் ஏரியாவில் மூணு அஞ்சலை. ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் பேரில் போட்டுட்டேன். ஒரு குறையும் இல்லாத அந்த அம்மாவுக்கு உடனே வரச் சொல்லி ஃபோன் போய், வெயிலில் பதறி அடிச்சுக்கிட்டு நடந்து வந்துச்சு. தப்பு முழுக்க என்னுடையது. வீட்டுக்காரர் பேர், வயசு, கதவு எண், இந்த மூணும் ஒத்துப்போகணும். ஏத்தும்போது எண்ணை வாய்விட்டுப் படியுங்க; 148 எப்போ 184 ஆகுமென்று தெரியாது.

ஆபா எண் (ஒவ்வொருத்தர் மருத்துவப் பதிவுக்கான அடையாள எண்) போடும்போது ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த ஃபோன் பாதி வீட்டில் திருப்பூரில் வேலை பார்க்கும் பையனிடம் இருக்கும். முதலில் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நான் உங்க அம்மா பக்கத்தில்தான் இருக்கேன்" என்று சொல்லி, அம்மாவையும் பேச விட்டு, அப்புறம் ஓடிபி அனுப்புங்க. யாரோ ஒருத்தர் ஃபோனில் கூப்பிட்டு ஓடிபி கேட்டால் கொடுக்கக்கூடாது என்றும் அப்போதே சொல்லிடுங்க.

பிபி 180-க்கு மேலே போனால் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திரும்பப் பாருங்க. குறையாவிட்டால் அங்கிருந்தே நர்ஸம்மாவுக்குப் பேசுங்க. நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, இதில் எது இருந்தாலும் ஆப்பைத் தொடவே வேண்டாம், நேரா 108. சுகர் 70-க்குக் கீழே இருந்து நினைவும் இருந்தால், முதலில் சர்க்கரைத் தண்ணி.

டவர் இல்லாத தோப்பு வீடுகளில் மல்லுக்கு நிற்காமல் நோட்டில் எழுதிக்கிட்டு வந்துடுங்க. எங்க ஊரில் மேல்நிலைத் தொட்டி படிக்கட்டில்தான் நாலு புள்ளி காட்டும். சாயங்காலம் அங்கே உட்கார்ந்து அன்றன்றைக்கே முடிச்சுடுவேன். பூட்டிய வீட்டுக்குப் போன மாச எண்ணைத் தூக்கிப் போட்டால் யாருக்கும் தெரியாதுதான். நான் அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டு, மறுநாள் ஆறரைக்கே போய்க் கதவைத் தட்டுவேன்.